ஒரே ஒரு இழுப்பு

எங்கள் அறைக்கு ஐஸ்பெட்டி என்று பெயர். கதவில் "புதிய பணியாளர் வரவேற்பு மையம்" என்று எழுதியிருக்கும். அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வேலைக்கு எடுத்தாகிவிட்டது, அரசாங்க ரகசியங்களைக் கையாளப் பாதுகாப்பு அனுமதி இன்னும் வரவில்லை என்றால் இங்கேதான் உட்கார வைப்பார்கள். சம்பளம் உண்டு, வேலை கிடையாது. ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடம். அதைத் தாண்டிப் பருத்தி வயல். வயலைத் தாண்டிக் கம்பிவேலி, வேலிக்கு உள்ளே ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம். நாங்கள் வேலைக்குச் சேர்ந்திருந்தது அந்தக் கட்டடத்தில்.

ஐஸ்பெட்டியில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. நடுமேசையில் மூவாயிரம் துண்டு ஜிக்சா படம் ஒன்று கிடக்கும், ஏரியும் படகும். தினமும் ஆளுக்கு ஒரு துண்டாவது பொருத்த வேண்டும். அனுமதி வந்தவர், கிளம்பும் நாளில் இரண்டு டஜன் டோனட் வாங்கி வர வேண்டும்.

நான் பிப்ரவரியில் சேர்ந்தபோது எட்டுப் பேர். ஜூனுக்குள் ஐந்து முறை டோனட் தின்றாகிவிட்டது. மிச்சம் மூன்று பேர்.

டேட் லவ்லேடி, மென்பொருள் எழுதுபவன், மெதடிஸ்ட் பாஸ்டரின் மகன். நாற்காலியில் நேராக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வெண்டல் ஹார்கிஸ், ஐம்பத்தெட்டு வயது, ஏவுகணைகளின் மின்சுற்றோடு இருபத்தைந்து வருடம் வாழ்ந்தவர். நடுவில் வேலையை விட்டுவிட்டு ஏரிக்கரையில் தூண்டில் கடை வைத்தார். மூன்று வருடத்தில் கடை மூழ்கியது, அனுமதியும் காலாவதியாகிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து வரிசையில் நிற்கிறார்.

மூன்றாவது நான், லெட்டி புரூயிட். இயற்பியல் முதுகலை. அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கும் ஓர் உணரியைப் பற்றி ஆய்வேடு எழுதினேன். அதை மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். அப்போதும் அதன் ஒரு மூலையில் காரணம் தெரியாத ஓர் இரைச்சல் இருந்தது. இரண்டு வருடம் அந்த இரைச்சலோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். மனிதர்களோடு பேசுவதைவிட எனக்கு அது எளிது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு முன் அந்த உணரியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இப்போது அது அந்த ஜன்னலில்லாத கட்டடத்தில் இருக்கிறது. இந்த வேலைக்கு நான் வந்ததே அதற்காகத்தான்.

சேர்ந்த புதிதில் மேலாளரிடம் கேட்டேன்.

"சார், அந்த மூலை இரைச்சல் போயிடுச்சா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "வெயில் நல்லா அடிக்குதுல்ல இன்னைக்கு?" என்றார்.

அனுமதி இல்லாதவர்களிடம் அவர்கள் எல்லோரும் வானிலை மட்டும்தான் பேசுவார்கள்.

அனுமதிக்கான நூற்றுச் சொச்சம் பக்கப் படிவத்தை நான் ஒரே மாலையில் நிரப்பி முடித்திருந்தேன். டேட் அதை நம்பவில்லை.

"போதைப்பொருள்?"

"இல்ல."

"குடிச்சுட்டு வண்டி ஓட்டி?"

"குடிச்சதே இல்ல."

"வெளிநாட்டுல யாரையாச்சும் தெரியுமா?"

"சர்ச்ல இருந்து ஹைத்திக்குப் போனோம். கிணறு தோண்ட."

"வெண்டல் சார், இங்க வாங்களேன்! இவ படிவம் துவைச்சுக் காயப்போட்ட பெட்ஷீட் மாதிரி இருக்கு."

வெண்டல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீ இந்த நாட்லதான் வளர்ந்தியா?"

"ஆமா சார். பத்து மைல்தான் எங்க வீடு."

"வெள்ளைப் பேப்பரைக் கொண்டுபோய்க் குடுத்தா அவங்க என்ன நினைப்பாங்க தெரியுமா? ஒண்ணு, இவ பொய் சொல்றா. இல்லன்னா இவளை வேற எவனோ செஞ்சு அனுப்பியிருக்கான்."

"நான் பதினோரு பக்கம் எழுதினேன்," என்றான் டேட். "கஞ்சா, காளான், தேர்வு சமயத்துல யாரோ குடுத்த மாத்திரை. அட்டவணை போட்டு எழுதினேன். என்ன, எப்போ, யாரோட, எவ்வளவு வருத்தப்படறேன். வருத்தத்துக்குத் தனிப் பத்தி வச்சேன். எங்கப்பா பாஸ்டராச்சே."

ஜூன் கடைசியில் டேட்டுக்கு அனுமதி வந்தது. நான்கே மாதம். விசாரணை அதிகாரி அவனோடு கைகுலுக்கி, இவ்வளவு வெளிப்படையான ஆளைப் பார்த்ததில்லை என்றாராம். டேட் டோனட் பெட்டியை என் பக்கம் தள்ளினான்.

"யோசிச்சுப் பாரு லெட்டி. ஒண்ணே ஒண்ணு. சின்னதா. அவங்களுக்கும் எழுத ஏதாவது வேணும்ல?"

அடுத்த வாரம் வாசலில் அவனைப் பார்த்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காலையில் கொஞ்சம் மூடுபனி என்றான்.

டேட் சொன்னது எனக்குப் புதிதில்லை. சின்ன வயதிலிருந்து தெரிந்ததுதான்.

எங்கள் பாப்டிஸ்ட் சபையில் புதன்கிழமை மாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாட்சி சொல்வார்கள். ஒருவர் எழுந்து, தான் எந்தக் குழியில் கிடந்தார், கர்த்தர் எப்படித் தூக்கி எடுத்தார் என்று சொல்வார். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆமென். ஒருவர் விஸ்கி குடித்துவிட்டு டிராக்டரை நீச்சல்குளத்தில் இறக்கியவர். அவர் எழுந்தாலே பின்வரிசை நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும். பதினான்கு வயதில் நானும் ஒருமுறை எழுந்தேன். தம்பியின் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டைத் திருடித் தின்றதைச் சொன்னேன். யாரோ இருமினார். பக்கத்தில் இருந்த மிஸ் எர்லீன் என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

"பரவாயில்ல கண்ணு. உனக்கும் ஒரு காலம் வரும்."

ஜூலையில் என்னை விசாரிக்க வந்தவர் திருமதி க்ரம்ப். அறுபதை ஒட்டிய வயது, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. பொது நூலகத்தின் மாடியில் ஒரு சின்ன அறை. கீழே குழந்தைகளுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தார்கள், வாத்துச் சத்தம் மேலே வரை கேட்டது. அவர் கோலா பாட்டிலின் மூடியைத் திறந்து, ஒரு பொட்டலம் உப்புக்கடலையை உள்ளே கொட்டினார். என் தாத்தாவும் அப்படித்தான் குடிப்பார். ஒரு வாய் குடிப்பது, கூட வரும் கடலையை மெல்வது. எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்தது.

கேள்விகளை அவர் வரிசையாக வாசித்தார். அரசாங்கத்தைக் கவிழ்க்கத் திட்டமிட்டதுண்டா? இல்லை மேடம். கடன் கட்டாமல் விட்டதுண்டா? இல்லை மேடம்.

"கடந்த ஏழு வருஷத்துல, போதைப்பொருள் எதையாவது சட்டவிரோதமா எடுத்திருக்கீங்களா, மிஸ் புரூயிட்?"

"இல்ல மேடம்."

அவர் எழுதவில்லை. பேனா தாளுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நின்றது. அவர் முகம் லேசாகக் கோணியது, ஒரு பக்கக் கன்னம் உள்ளே போயிற்று. நம்பாத முகம். ஐந்து நொடி. எட்டு நொடி. மௌனம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அது என் மௌனமாக இருக்கும். மற்றவர்களுடையது எப்படி என்று எனக்குத் தெரியாது.

"ஒரு தடவை," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். பேனா புதிய பக்கத்துக்குப் போனது.

"சொல்லுங்க."

"கஞ்சா."

"எப்போ?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. இந்த ஊரில் ஒரு தேதி கேட்டால் வாயில் தானாக வருவது ஒன்றுதான், கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் நடந்த நாள்.

"பெரிய ஆட்டத்தன்னைக்கு. அஞ்சு வருஷம் முன்னாடி."

"கடைசி நொடியில தோத்தோமே, அதா?"

"ஆமா மேடம்."

"அன்னைக்கு என் மச்சான் டிவி மேல பூட்ஸைக் கழட்டி எறிஞ்சார்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "எங்க வச்சு?"

"மைதானத்துக்கு வெளியில. வண்டிங்க பின்னாடி அடுப்பு மூட்டி சமைப்பாங்கல்ல, அங்க."

"யார் குடுத்தா?"

"தெரியாது. தாடி வச்சிருந்தான்."

"எப்படி எடுத்தீங்க?"

"வாயால."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"புகைதான் மேடம். ஒரே ஒரு இழுப்பு."

"எப்படி இருந்துச்சு?"

"பசிச்சுது." அப்படித்தான் இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அப்புறம்?"

"சாப்பிட்டேன். கோழி. வெள்ளை சாஸ் போட்டது."

வெள்ளை சாஸ் என்பதையும் எழுதிக்கொண்டார்.

"இனிமேல் எடுப்பீங்களா?"

"சத்தியமா மாட்டேன்."

அந்தப் பக்கத்தில் உண்மை அது ஒன்றுதான். அவர் மூடியால் பேனாவை மூடினார். "படிவத்துல இல்லன்னு எழுதியிருந்தீங்க. இப்ப நீங்களாவே முன்வந்து திருத்திட்டீங்க. நல்லது. அதையும் குறிச்சிருக்கேன்."

படியில் இறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. பதினான்கு வயதில் வராத ஆமென் வந்துவிட்டது போல.

ஊர்ப் பெருமைக்காகச் சாலையோரம் நிறுத்தி வைத்திருக்கும் பழைய ராக்கெட்டைக் கடக்கும்போது என் நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போனது. இடது பக்கம் ஒரு காலியிடம், வலது பக்கம் ஒன்று. வண்டியை ஓரம் கட்டினேன்.

அந்த ஆட்டத்துக்கு முதல் நாள்தான் எனக்கு இரண்டு ஞானப்பல் பிடுங்கினார்கள். ஆட்டத்தன்று கன்னத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு விடுதிக் கட்டிலில் படுத்திருந்தேன். பத்து நாளைக்கு எதையும் உறிஞ்சக் கூடாது, ஸ்ட்ரா கூட வாயில் வைக்கக் கூடாது, உறிஞ்சினால் புண்ணின் ரத்தக்கட்டு பிய்ந்துவிடும் என்று பல் டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார்.

இதை யார் போய்த் தோண்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்று வாரம் நிம்மதியாக ஜிக்சாவில் வானத்தைப் பொருத்தினேன். வானம் முழுக்க ஒரே நீலம்.

பிரிசில்லா நேபர்ஸ் கல்லூரியில் என் அறைத்தோழி. இப்போது குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். படிவத்தில் என்னை நன்றாகத் தெரிந்தவர் என்று அவள் பெயரைத்தான் கொடுத்திருந்தேன். ஒரு மதியம் ஃபோன் செய்தாள்.

"ஏய், ஒரு அம்மா வந்திருந்தாங்கடி. நீ கஞ்சா அடிச்சியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன். சிரிச்சதை எழுதிக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"ரம் ஊத்தின கேக்கை ஒரு துண்டு தின்னுட்டு மறுநாள் டாக்டர்கிட்ட போனவ அவ, அவளாவது கஞ்சாவாவதுன்னு சொன்னேன். உடனே அவங்க, பெரிய ஆட்டத்தன்னைக்குன்னு அவளே சொல்லியிருக்காளேன்னாங்க. அன்னைக்கா! அந்த ஆட்டத்துக்கு என்கிட்ட டிக்கெட் இருந்துச்சுடி. உனக்கு வாய் வீங்கிப்போச்சுன்னு போகாம உன் பக்கத்துல உக்காந்து ரேடியோல கேட்டேன். செத்தாலும் மறக்க மாட்டேன். பல் டாக்டர் பேர் வரைக்கும் சொல்லிட்டேன். உனக்கு நல்லதுதானே பண்ணேன்? ஹலோ? லெட்டி?"

இந்த மாநிலத்தில் திருமண நாளை மறந்தவர்கள் உண்டு. அந்த ஆட்டத்தன்று எங்கே இருந்தோம் என்பதை மறந்தவர்கள் கிடையாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நாளைச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் வண்டிகள் நிற்கும் இடத்தில் டேட்டைப் பிடித்தேன். அவன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ரொம்ப சுலபம். இன்னைக்கே ஒரு இழுப்பு இழுத்துடு. சொன்னது உண்மையாயிடும்."

"தேதி தப்பா இருக்குமே."

"விஞ்ஞானிங்களோட இதான் தொல்லை." யாரோ வண்டிக் கதவைச் சாத்தினார்கள். டேட் உடனே வானத்தைப் பார்த்து, "சாயந்தரம் இடி இருக்கும் போல," என்றான்.

வெண்டல் வேறு மாதிரி. அவர் பேசுவதற்கு மாதத்தின் முதல் புதன்கிழமை வரை காத்திருந்தார். அன்று நண்பகலில் ஊர் முழுக்கச் சூறாவளிச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள். சங்கு தொடங்கியதும் என்னைப் பருத்தி வயல் ஓரமாகக் கூட்டிப்போய்க் காதருகே குனிந்தார்.

"தொண்ணூறாம் வருஷம். அனுமதி கையில இருக்கு. ஒரு கோடை முழுக்க ஏரிக்கரையில புகைச்சேன்மா. அடுத்த படிவத்துல கேட்டாங்க, அனுமதி இருந்தப்ப எப்பவாவது எடுத்தீங்களான்னு. இல்லன்னு எழுதினேன். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை அதே கேள்வி. பழைய படிவத்தை நகல் எடுத்து வச்சிருக்கேன். அதைப் பார்த்து எழுதிடுவேன். அந்தப் பொய்க்கு என் மூத்த மகனைவிட வயசு ஜாஸ்தி."

"இப்ப உண்மையைச் சொல்லிட்டா என்ன சார்?"

"கஞ்சாவை மன்னிச்சிடுவாங்க கண்ணு. நடுவுல உள்ள வருஷங்களை மன்னிக்க மாட்டாங்க. நான் சொல்றதைக் கேளு. பொய் சொன்னா ஒரே பொய்யைச் சொல்லணும். மாத்தக் கூடாது."

சங்கு நின்றது. அவர் பருத்திச் செடியைக் குனிந்து பார்ப்பது போல் விலகிப் போனார். அந்த மூன்று நிமிடமும் எனக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று இங்கே பதிவு செய்கிறேன். தவிர, அவர் பெயர் வெண்டல் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் திருமதி க்ரம்ப் ஐஸ்பெட்டிக்கே வந்தார். உள்ளே இடம் சரியில்லை என்று தன் வண்டியில் உட்காரச் சொன்னார். பின்னிருக்கையில் பேரக்குழந்தைக்கான இருக்கை, அதில் பாதி தின்ற பிஸ்கட். ஏசி முழு வேகத்தில் ஓடியது. கோலா பாட்டிலில் கடலை மிதந்தது.

"உங்க தோழியைப் பார்த்தேன். பல் டாக்டரையும் பார்த்தேன்," என்றார். "நான் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது, மிஸ் புரூயிட். கேள்வி கேக்கறது மட்டும்தான் என் வேலை. புரியுதா?"

"புரியுது மேடம்."

"தேதியில ஏதாவது குழப்பம் இருந்திருக்கலாமா?"

அவர் பேனா தயாராக இருந்தது. ஆமா என்றால் போதும். தேதி தெளிவில்லை என்று எழுதுவார். ஐந்து வருடத்துக்கு முன் ஒரே ஓர் இழுப்பு, தானே முன்வந்து சொன்னாள், வருந்துகிறாள். டேட்டின் பதினோரு பக்கத்துக்கு முன் அது தூசி. கிறிஸ்துமசுக்குள் நான் டோனட் வாங்கியிருப்பேன். என் உணரியின் முன் உட்கார்ந்திருப்பேன்.

"இல்ல மேடம்."

"வேற ஒரு ஆட்டமா இருக்கலாமா?" குரல் மெதுவாக இருந்தது. "வருஷத்துக்குப் பன்னெண்டு ஆட்டம் நடக்குது."

"இல்ல மேடம்."

"சில பேர் கேக்குல போட்டுத் தின்னுவாங்க. அப்படி ஏதாவது?"

"பல் பிடுங்கினப்ப நாலு நாள் சோளக்கஞ்சிதான் மேடம்."

அவர் ஏசியைக் குறைத்தார். வெண்டலின் நகலை நினைத்துப் பார்த்தேன். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தாடிக்காரனையும் வெள்ளை சாஸையும் அப்படியே பார்த்து எழுத வேண்டும். தாடிக்காரனுக்கும் என் கூடவே வயதாகும்.

"நான் எடுத்ததே இல்ல," என்றேன். "எந்தத் தேதியிலயும் இல்ல. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"வெள்ளைப் பேப்பரை யாரும் நம்ப மாட்டாங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

திருமதி க்ரம்ப் கண்ணை மூடிக்கொண்டு இருக்கையில் சாய்ந்தார். "இருபத்தாறு வருஷம் இந்த வேலை. இருக்கிறதை மறைச்சவங்களைப் பார்த்திருக்கேன். பாதி மறைச்சவங்களைப் பார்த்திருக்கேன். இல்லாததை இருக்குன்னு சொல்லி மாட்டிக்கிட்டவ நீ ஒருத்திதான் கண்ணு. முதல்ல இல்லன்னு சொன்னியே, நான் நம்பினேனே!"

"எழுதாம நிறுத்தினீங்களே மேடம். முகத்தைக் கூட ஒரு மாதிரி..."

"கடலை. பல்லுல மாட்டிக்கிச்சு."

பிறகு அவர் பேனாவை எடுத்து நான் சொன்னதை எழுத ஆரம்பித்தார். முழுதாக மூன்று பக்கம் வந்தது.

டிசம்பரில் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் போதைப்பொருள் எடுத்ததாக ஒருமுறை கூறினார். எடுக்கவில்லை என்று மறுமுறை கூறினார். இவற்றில் ஒன்றாவது பொய். இரண்டையும் கூறியவர் விண்ணப்பதாரர். எனவே அவரது நம்பகத்தன்மை கேள்விக்குரியது. ஒரு வருடம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

இரண்டு முறை வாசித்தேன். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. பதில் அனுப்ப அவகாசம் தந்திருந்தார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது, பிறகு முடிவு மாறவில்லை என்று ஒரு வரி.

நான் கிளம்பிய வாரம் வெண்டலுக்கு அனுமதி வந்தது. முப்பது வருடப் பதிவில் ஒரு முரண்பாடு கூட இல்லை என்று பாராட்டியிருந்தார்களாம். அவர் டோனட் பெட்டியை என் முன் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"சர்க்கரை தூவினது உனக்குப் பிடிக்கும்ல?"

"பிடிக்கும் சார்."

ஒன்று தின்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வானத்தில் ஒரு துண்டைப் பொருத்தினேன். மேலாளர் வழியனுப்ப வந்தார். இந்த வருடம் குளிர் கொஞ்சம் அதிகம்தான் என்றார்.

அந்தப் புதன்கிழமை மாலை சபையில், சாப்பாடு முடிந்து பாஸ்டர் கேட்டபோது, நான் எழுந்து நின்றேன். பத்து வருடத்தில் முதல் முறை. பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கஞ்சா என்ற சொல் வந்ததும் டிராக்டர்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாடி, கோழி, பல், கடலை. கடைசியில், செய்யாததைச் செய்ததாகச் சொன்னேன், அதுதான் என் பாவம் என்று முடித்தேன்.

டிராக்டர்காரர் கரண்டியை மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

"அப்ப நீ இழுக்கவே இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இல்ல."

பாஸ்டர் பழக்கத்தில் ஆமென் என்றார். நான் உட்கார்ந்ததும் மிஸ் எர்லீன் என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

"பண்ணாத பாவத்துக்கா கண்ணு வேலை போச்சு? அடுத்த தடவை பண்ணிட்டாவது சொல்லு."

ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். பிறகு கம்பெனி மறுபடியும் அழைத்தது. உணரியின் மூலையைத் தெரிந்த வேறு ஆள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அதையும் அவர்கள் சொல்லவில்லை. ஐஸ்பெட்டியில் புதிய முகங்கள், புதிய ஜிக்சா, கலங்கரை விளக்கம். படிவத்தில் முன்பு அனுமதி மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு இந்த முறை ஆம் என்று குறித்தேன். காரணம் எழுதச் சிறிய கட்டம்தான் இருந்தது. நான் எழுதியது முழு உண்மை. வாசித்துப் பார்த்தேன். நம்பும்படியாக இல்லை.

அதே நூலகம், அதே மாடி அறை. திருமதி க்ரம்ப் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். கேள்விகளை வரிசையாக வாசித்தார்.

"கடந்த ஏழு வருஷத்துல, போதைப்பொருள் எதையாவது சட்டவிரோதமா எடுத்திருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

பேனா தாளுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நின்றது. நான் மேசையைப் பார்த்தேன். இன்று அவரிடம் கோலா இல்லை. கடலையும் இல்லை. ஐந்து நொடி. எட்டு நொடி. கீழே யாரோ குழந்தைகளுக்காகக் குதிரை போலக் கனைத்தார்கள். என் நாக்கு கடைவாயின் காலியிடத்தைத் தொட்டுக்கொண்டு அங்கேயே இருந்தது. பதினான்காவது நொடியில் அவர் எழுதினார். அடுத்த கேள்விக்குப் போனார்.

மார்ச் மாதம் இரண்டு டஜன் டோனட் வாங்கினேன்.

உணரி எப்படி இருக்கிறது, அந்த மூலை இரைச்சல் என்ன ஆயிற்று என்று பிரிசில்லா கேட்டாள். இங்கே காலையிலிருந்து தூறிக்கொண்டிருக்கிறது, மத்தியானத்துக்குள் விட்டுவிடும் என்றேன்.